பச்சைப் பாவாடை கட்டின பாப்பாவுக்கு எந்த சாஃப்ட்வேர்?

"அண்ணா, கிரீன் ஸ்கிரீன் போட்டோவுக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லா இருக்கும்?"

மணவூர்ல புதுசா ஸ்டுடியோ போடப்போற ஒரு தம்பி போன வாரம் கேட்டாரு. இதுக்கு முன்னாடியும் நிறைய பேர் கேட்டிருக்காங்க. கேக்குறதுல ஒண்ணும் தப்பில்ல. எனக்குக் கடுப்பா இருக்குறது, இந்தக் கேள்விக்கு வீடியோக்கள்ல கிடைக்குற பதில்தான்.

"இதை இறக்கிக்கோங்க. ஒரே கிளிக். பேக்ரவுண்ட் போயிடும்."

அந்த வீடியோல நிக்கிறவரை ஒரு நிமிஷம் நல்லாப் பாருங்க. கறுப்பு டீ-ஷர்ட். ஒட்ட வெட்டின முடி. நகை கிடையாது. பூ கிடையாது. அவரை எந்த சாஃப்ட்வேர்ல போட்டாலும் அழகா வெட்டிக் குடுத்துடும்.

இப்போ நம்ம தெருப் பொண்ணு ஒண்ணைக் கூட்டிட்டு வந்து அதே துணி முன்னாடி நிறுத்துங்க.

தலை நிறைய மல்லி, நடுவுல மரிக்கொழுந்து. காதுல ஜிமிக்கி. கை நிறைய கண்ணாடி வளையல். எண்ணெய் வச்சு வாரின பின்னல். காஞ்சிபுரம் பட்டுப் பாவாடை, அதுவும் இலைப்பச்சை, அரக்கு பார்டர்.

ஒரே கிளிக்.

பாவாடை போயிடும். மரிக்கொழுந்து போயிடும். வளையல்ல பாதி போயிடும். பின்னாடி போட்ட கோபுரம் பாப்பா வயித்து வழியாத் தெரியும்.

அதனாலதான் சாஃப்ட்வேர் பேர் கேட்டு வர்றவங்க கிட்ட நான் முதல்ல திருப்பிக் கேக்குறது: "உங்க கேமரா முன்னாடி நிக்கப்போறவங்க என்ன கட்டிட்டு வருவாங்க?"

நான் திருவாலங்காட்டுல இருக்கேன். வேலை காக்களூர் தொழிற்பேட்டையில. போட்டோ என் ஆசை. ஊர்ல டான்ஸ் கத்துக்குற புள்ளைங்க, மாறுவேஷப் போட்டிக்குப் போற புள்ளைங்க, முதல் பொறந்தநாள் குழந்தைங்க, இவங்களை எடுத்துக் குடுப்பேன். நம்ம ஊர் எப்படிப்பட்ட ஊர்னு தெரியும்ல? நடராஜருக்கு அஞ்சு சபை. சிதம்பரம் பொன்னம்பலம், மதுரை வெள்ளியம்பலம், நெல்லை தாமிர சபை, குற்றாலம் சித்திர சபை, நம்ம ஊர் ரத்தின சபை. காளியோட போட்டி போட்டு சிவன் காலைத் தலைக்கு மேல தூக்கி ஊர்த்துவ தாண்டவம் ஆடினதா புராணம் சொல்ற இடம். காரைக்கால் அம்மையார் தலையால நடந்து வந்து, பாடி, இங்கேயே இருந்துட்டதா சொல்ற இடம். இந்த ஊர்ல டான்ஸ் கிளாஸ் போற புள்ளைக்கு ஆட்டப் படம் வேணாம்னு தோணுமா?

படம் எடுக்குறது என் வீட்டு ஹால்ல. பின்னாடி வர வேண்டியது கோபுரமும் குளமும் ஆலமரமும். அப்படித்தான் நான் இந்தப் பச்சைத் துணி வேலைக்குள்ள வந்தேன்.

சரி, பச்சை எதுக்கு?

மனுஷத் தோல் கறுப்பா இருந்தாலும் மாநிறமா இருந்தாலும் சிவப்பா இருந்தாலும், எண்ணாப் பார்த்தா அதுல சிவப்புதான் கூட இருக்கும். பச்சை அதை விடக் குறைவு, நீலம் அதை விடக் குறைவு. அதனால பின்னாடி பச்சையோ நீலமோ வச்சுட்டா, "இந்தப் புள்ளியில சிவப்பை விடவும் நீலத்தை விடவும் பச்சை எவ்வளவு கூட?"னு ஒரு கணக்குப் போட்டே ஆளையும் துணியையும் பிரிச்சிடலாம். மொத்த வித்தையும் இந்தக் கழித்தல் கணக்குதான். இந்த நிற வித்தியாச முறையைச் சினிமாவுக்கு ஒழுங்கா வகுத்துக் குடுத்தவர் பெட்ரோ விலாஹோஸ். 1959ல வந்த 'பென்ஹர்' படத்துக்காகப் பண்ணது. அப்போ துணி நீலம்.

டிஜிட்டல் கேமரா வந்ததும் பச்சை முந்திக்கிச்சு. கோடாக் கம்பெனியில இருந்த பிரைஸ் பேயர் 1976ல காப்புரிமை வாங்கின ஒரு வடிவம்தான் இன்னிக்கும் பெரும்பாலான கேமராவுலயும் போன்லயும் இருக்கு. சென்சார்ல நாலு புள்ளி எடுத்தா அதுல ரெண்டு பச்சை, ஒண்ணு சிவப்பு, ஒண்ணு நீலம். நம்ம கண்ணுக்குப் பச்சைப் பக்கம் நுணுக்கம் அதிகம்கிறதால அப்படி வச்சாரு. அதனால பச்சைதான் கேமராவுல சுத்தமாப் பதியும், புள்ளிப் புள்ளியாத் தெரியிற இரைச்சல் கம்மி. வெளிச்சமும் கொஞ்சம் போதும்.

இதெல்லாம் படிக்க நல்லா இருக்கும். ஆனா பேயரும் விலாஹோஸும் நம்ம ஊர்ப் பட்டுக்கடைக்கு வந்ததில்ல.

நம்ம ஊர்ல பச்சை சாதாரண நிறமா? மீனாட்சி வேஷம்னா பச்சை. கையில கிளி, அதுவும் பச்சை. வெத்தலைத் தட்டு, மாவிலை, வாழையிலை, வேப்பிலை, துளசி மாலை எல்லாம் பச்சை. நிச்சயதார்த்தத்துக்குப் பச்சைப் பட்டு கேக்குறவங்க எத்தனை பேர்! வளைகாப்புன்னா கேக்கவே வேணாம், கை நிறையப் பச்சை வளையல்தான்.

அதனால நான் ரெண்டு துணி வச்சிருக்கேன். ஒண்ணு கிளிப்பச்சை, ஒண்ணு நல்ல நீலம். பச்சை கட்டி வந்தா நீலத்து முன்னாடி, நீலம் கட்டி வந்தா பச்சை முன்னாடி. நீலத்துல இரைச்சல் கொஞ்சம் கூட வரும், அதுக்கு வெளிச்சம் கூட்டி அடிக்கணும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். எந்த வீடியோலயும் இதை நான் பார்த்ததில்ல.

மயில்கழுத்து கலர்.

பாவுல ஒரு நிறம், ஊடையில ஒரு நிறம் வச்சு நெய்யிற டபுள் ஷேட் பட்டு. ஒரு பக்கம் திரும்பினா பச்சை அடிக்கும், இன்னொரு பக்கம் திரும்பினா நீலம் அடிக்கும். நம்ம அம்மா, பெரியம்மா எல்லாருக்கும் இதுல ஒரு சேலை கண்டிப்பா இருக்கும், அதுவும் பீரோவுல இருக்குறதுலயே பிடிச்ச சேலையா இருக்கும். இதுக்குப் பச்சைத் துணியும் ஆகாது, நீலத் துணியும் ஆகாது. மடிப்புக்கு மடிப்பு ஓட்டை விழும். இதுக்கு நான் போடுறது சாம்பல் கலர் துணி. சாம்பல் முன்னாடி எடுத்துட்டு, நிறக் கணக்கையே விட்டுட்டு, ஆள் உருவத்தைக் கண்டுபிடிச்சு வெட்டுற ஏஐ கருவியில போட்டு, மிச்சத்தைக் கையால சரி பண்ணுவேன். நேரம் ஆகும். ஆனா அந்தச் சேலையைக் கட்டிட்டு வர்றவங்ககிட்ட "வேற சேலை கட்டிட்டு வாங்கம்மா"ன்னு சொல்ல எனக்கு மனசு வராது. படம் எடுக்கணும்னு நினைச்சதே அந்தச் சேலைக்காகத்தானே!

துணி வாங்குறதைப் பத்தி ரெண்டு வார்த்தை. பளபளன்னு இருக்குற சாட்டின் வேண்டவே வேண்டாம். வெளிச்சம் பட்ட இடம் வெள்ளையாப் போயிடும், அங்க பச்சையே இருக்காது. மங்கலான காட்டன், பாப்ளின் மாதிரி துணி போதும். ரெண்டு அகலம் சேத்துத் தைக்கணும்னா தையல் நடுவுல வராம ஓரத்துக்குத் தள்ளித் தைக்கச் சொல்லுங்க. இஸ்திரி போட்டு, மடிக்காம, ஒரு பைப்புல சுருட்டி வைங்க. ஒவ்வொரு சுருக்கமும் ஒரு நிழல், ஒவ்வொரு நிழலும் ஒரு வேற பச்சை, அந்த வேற பச்சையைத் தனியாத் தேடிப் பிடிக்கிறது உங்க வேலையாயிடும்.

ஆளைத் துணியில இருந்து குறைஞ்சது ஆறு அடி தள்ளி நிறுத்துங்க. ஹால் சின்னதுன்னு எல்லாரும் துணியை ஒட்டி நிக்க வச்சுடறாங்க. பச்சை அப்படியே தெறிச்சு வந்து கன்னத்துல, கழுத்துல, வெள்ளை வேட்டியில ஒக்காந்துக்கும். எண்ணெய் வச்ச பின்னல்ல, குத்துவிளக்குல, எவர்சில்வர் தட்டுல எல்லாம் பச்சை அடிக்கும். இடம் பத்தலன்னா முழு உருவம் வேணாம், இடுப்பு வரைக்கும் எடுங்க. அது எவ்வளவோ மேல்.

துணிக்குத் தனி வெளிச்சம், ஆளுக்குத் தனி வெளிச்சம். துணியில இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே அளவா விழணும். வீட்டு டியூப் லைட்டை நம்பி எடுக்குறவங்க ஷட்டரை 1/50 இல்ல 1/100ல வைங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட் வினாடிக்கு நூறு தடவை ஏறி இறங்குது. வேகமான ஷட்டர்ல துணி மேல பட்டை பட்டையா இருட்டு விழும். கண்ணுக்குத் தெரியாது, சாஃப்ட்வேர்ல போட்டதும் தெரியும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவுல விடாதீங்க. பின்னாடி அவ்வளவு பச்சை இருந்தா கேமரா அதைச் சரிக்கட்டப் பார்த்து முகத்தை ரோஸ் கலரா மாத்திடும்.

முடிஞ்சா ரா ஃபைல்ல எடுங்க. காரணம் இருக்கு. ஜேபெக் படத்துல, முக்கியமா போன் எடுக்குற ஜேபெக்ல, வெளிச்ச விவரம் ஒவ்வொரு புள்ளிக்கும் தனியா இருக்கும். ஆனா நிற விவரம் பெரும்பாலும் நாலு புள்ளிக்கு ஒண்ணுதான். சும்மாப் பார்க்க எதுவும் தெரியாது. நிறத்தை வச்சே வெட்டுறப்போதான் முடி ஓரம் படிக்கட்டு மாதிரி வரும். "சாஃப்ட்வேர் சரியில்ல"ன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேருக்கு வியாதி இங்கதான் இருக்கு.

இப்போ வரேன் சாஃப்ட்வேருக்கு.

நான் எல்லாத்தையும் ஒரே படத்தை வச்சு சோதிச்சேன். மல்லி, மரிக்கொழுந்து, ஜிமிக்கி, விரிச்ச விரல், இடுப்புல கை வச்ச இடைவெளி, மெல்லிசான தாவணி, எல்லாத் தொல்லையும் இருக்குற ஒரு படம். நீங்களும் அப்படி ஒரு படத்தை எடுத்து வச்சுக்கோங்க. கம்பெனிக்காரங்க காட்டுற மாதிரிப் படத்துல சோதிக்கவே சோதிக்காதீங்க, அவங்க படத்துல எல்லாம் நல்லாத்தான் வரும்.

முதல்ல, படத்தை இணையத்துல ஏத்தினா பின்புலத்தை எடுத்துட்டுத் தர்ற சேவைங்க. ரிமூவ்.பிஜி 2018ல வந்துச்சு, அப்புறம் 2021ல கேன்வா அதை வாங்கிடுச்சு. இந்த வகைக்குப் பச்சைத் துணியே வேண்டாம். ஆள் எது, சுவர் எதுன்னு பழகின ஒரு நெட்வொர்க் கணிச்சு வெட்டுது. பாஸ்போர்ட் சைஸ் படம், ஐடி கார்டு படம், இதுக்கெல்லாம் போதும். முழு அளவுப் படம் வேணும்னா பெரும்பாலும் காசு. ஆனா கணிப்பு கணிப்புதான். ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் நடுவுல இருக்குற சின்ன ஓட்டை, பூச்சரத்துல தொங்குற நூல், தாவணி வழியாத் தெரியிற பின்புலம், இதெல்லாம் அதுக்கு ஊகம். பச்சைத் துணி இருந்தா ஊகமே வேண்டாம், கணக்குலயே வந்துடும். தாவணிக்குப் பின்னாடி எவ்வளவு பச்சை தெரியுதோ அவ்வளவு கோபுரம் தெரியும்.

இதுல எனக்கு இன்னொரு விஷயமும் உறுத்துது. அடுத்தவங்க வீட்டுக் குழந்தை படத்தை யாரோட சர்வருக்கோ அனுப்புறோம். பெத்தவங்க நம்மளை நம்பி உக்கார வச்ச குழந்தை. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஏத்தக் கூடாதுன்னு நான் உறுதியா நினைக்கிறேன். ஏஐ வெட்டுதான் வேணும்னா, ரெம்பிஜின்னு ஒரு திறமூலக் கருவி இருக்கு. நம்ம கம்ப்யூட்டர்லயே ஓடும், படம் வெளிய போகாது. கமாண்டு அடிச்சு ஓட்டணும், அது ஒண்ணுதான் கஷ்டம். தெரிஞ்ச காலேஜ் புள்ளைங்களைக் கேட்டா போட்டுக் குடுத்துடுவாங்க. மயில்கழுத்து சேலைக்கு நான் நம்புறது இதைத்தான்.

அடுத்து, பச்சைத் திரை போட்டோவுக்குன்னே செஞ்ச சாஃப்ட்வேருங்க. போட்டோகீ, கிரீன் ஸ்கிரீன் விசார்ட் மாதிரி. பள்ளிக்கூடத்துல நூத்துக்கணக்கான புள்ளைங்களை வரிசையா எடுத்து, எல்லாத்துக்கும் ஒரே பின்புலம் போடுற வேலைக்கு இதுங்க வசதி. துணியும் லைட்டும் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் மாறாம இருந்தா, முதல் படத்துக்கு வச்ச அளவே கடைசிப் படம் வரைக்கும் ஓடும். அந்த மாதிரி வேலை இல்லாதவங்க காசு போடத் தேவையில்ல. வாங்குறதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனி இன்னும் புது வெர்ஷன் விடுதான்னு பாருங்க. இந்த வகைக் கம்பெனிங்க கைமாறிக்கிட்டே இருக்கு. போட்டோகீ செஞ்ச எஃப்எக்ஸ்ஹோம் 2021ல ஆர்ட்லிஸ்ட் கைக்குப் போயிடுச்சு.

டிஎஸ்எல்ஆர்பூத், ஸ்பார்க்பூத் மாதிரி போட்டோ பூத் சாஃப்ட்வேர் வேற ரகம். ரிசப்ஷன்ல வாசல்ல பூத் போட்டு, எடுத்த உடனே பின்புலம் மாத்தி, பிரின்ட் போட்டுக் கையில குடுக்குறது. வேகம்தான் அதுல எல்லாமே. நுணுக்கத்தை அதுங்ககிட்ட எதிர்பார்க்குறது நியாயமில்ல.

வீடியோ ஆளுங்க டாவின்சி ரிசால்வ் சொல்லுவாங்க. அதுல பச்சையைப் பிரிச்செடுக்குற டெல்டா கீயர் உண்மையிலேயே அருமை, இலவச வெர்ஷன்லயும் இருக்கு. ஆனா ஒரு போட்டோவுக்காக அந்தப் பெரிய சாஃப்ட்வேரைத் தூக்குறதுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேணும். வீட்டுல இருக்குற பழைய கம்ப்யூட்டருக்குப் பாவம், விட்டுடுங்க.

மிச்சம் மூணு. போட்டோஷாப், போட்டோபீ, கிம்ப்.

நம்ம பக்கத்து ஸ்டுடியோக்கள்ல போட்டோஷாப்தான் ராஜா. 2002ல வந்த 7.0 வெர்ஷன்ல கை பழகினவங்க இன்னும் இருக்காங்க. கரிஷ்மா ஆல்பத்துக்கு வாங்குற டிசைன் எல்லாம் பிஎஸ்டி ஃபைலாத்தான் வரும். ஆல்பம்தான் உங்க தொழில்னா, அதுல இருந்து வருமானம் வருதுன்னா, மாசக் கட்டணம் கட்டி போட்டோஷாப்பே வச்சுக்கோங்க, வேற யோசனை வேணாம். கலர் ரேஞ்ச்ல பச்சையைப் பிடிச்சு, செலக்ட் அண்ட் மாஸ்க்ல ஓரத்தைத் தேச்சு, டீகன்டாமினேட் கலர்ஸ்னு ஒரு டிக் போட்டா முடி ஓரத்துல ஒட்டின பச்சையும் போயிடும். கிராக் போட்ட வெர்ஷன் வேண்டாம். அதோட சேர்ந்து என்னென்ன உள்ள வரும்னு யாருக்கும் தெரியாது, ஊர்க்காரங்க கல்யாணப் படமெல்லாம் அந்த மிஷின்லதான் இருக்கு.

போட்டோபீ பிரவுசர்லயே ஓடுறது. இவான் குட்ஸ்கிர்னு ஒரே ஒருத்தர் ஆரம்பிச்சு வளர்த்தது, அதை நினைச்சா எனக்கு ஆச்சரியம் தாங்காது. பார்க்க போட்டோஷாப் மாதிரியே இருக்கும், பிஎஸ்டி திறக்கும், விளம்பரத்தோட இலவசம். சாதாரண வேலை எல்லாம் நம்ம மிஷின்லயே நடக்கும். ஏதாவது கடையில உக்காந்து அவசரமா ஒரு படம் பண்ணணும்னா இதுதான்.

நான் வீட்டுல தினமும் தொடுறது கிம்ப். இலவசம், திறமூலம், நெட் இல்லாட்டியும் ஓடும். நெட் போயிட்டா வேலையும் நின்னுடும்கிற நிலைமை எனக்கு ஆகாது.

கிம்ப்ல 'கலர் டு ஆல்பா'ன்னு ஒரு வசதி இருக்கு. பச்சையைத் தொட்டுக் காட்டினா, படத்துல எங்கெங்க எவ்வளவு பச்சை கலந்திருக்கோ அவ்வளவு ஊடுருவித் தெரியிற மாதிரி மாத்திடும். ஒத்த முடி, தாவணி, மல்லிச்சரத்து நூல், இதுக்கெல்லாம் இதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா இது படம் பூராவும் வேலை செய்யும். மஞ்சள்ல பச்சை இருக்கு, தங்கத்துல பச்சை இருக்கு. மஞ்சள் பூசின முகமும் காசுமாலையும் லேசாக் கரைஞ்சு பேய் மாதிரி ஆயிடும்.

வழி சொல்றேன். அதே படத்தை ரெண்டு லேயரா வைங்க. மேல் லேயர்ல கலர் டு ஆல்பா. கீழ் லேயர்ல ஒரு மாஸ்க் போட்டு, ஆளோட உடம்பு நடுப்பகுதியை மட்டும், ஓரத்துல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி, முழுசா வச்சுக்கோங்க. கீழ இருக்குறது உடம்பைக் காப்பாத்தும். மேல இருக்குறது முடி ஓரத்தைப் பாத்துக்கும். வளையல், மரிக்கொழுந்து, மாவிலை மாதிரி பச்சை இருக்குற இடத்தை மாஸ்க்ல வெள்ளை பிரஷ்ஷால தடவிக் கூட்டிட்டு வந்துடலாம். கடைசியா, கன்னத்துல தெறிச்ச பச்சைக்கு ஹியூ-சாச்சுரேஷன்ல பச்சையை மட்டும் எடுத்துக் குறைங்க. வளையல் பக்கம் போகாம அதுக்கும் ஒரு மாஸ்க்.

கத்துக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுன்னா அது மாஸ்க்தான். ரப்பரால அழிச்சா போனது போனதுதான். மாஸ்க்ல கறுப்பு அடிச்சா மறையும், வெள்ளை அடிச்சா திரும்ப வரும். இதை எங்க கத்துக்கிட்டாலும் எல்லா சாஃப்ட்வேர்லயும் செல்லும். சாஃப்ட்வேர் மாத்தி மாத்தி ஓடுறவங்க கடைசி வரைக்கும் இதைக் கத்துக்காமலே போறாங்க, அதுதான் எனக்கு வருத்தம்.

(நடுவுல கம்பெனிக்காரங்களுக்கு ஒண்ணு. காக்களூர்லயும் கும்மிடிப்பூண்டி சிப்காட்லயும் சின்னச் சின்ன யூனிட் வச்சிருக்குறவங்க கேட்டலாக்குக்குப் படம் எடுக்கணும்னு பச்சைத் துணியோட நிக்கிறாங்க. பளபளப்பான ஸ்டீல் சாமானைப் பச்சை முன்னாடி வைக்காதீங்க! சுத்தி இருக்குறதை எல்லாம் கண்ணாடி மாதிரி காட்டுற பொருள் அது, பச்சையைக் குடிச்சுட்டு ஒக்காந்திருக்கும். வெள்ளைச் சார்ட் பேப்பரை வளைச்சு வச்சு எடுங்க. நேர் கோடும் வட்டமும் இருக்குற பொருள், பென் டூல்ல பாதை போட்டாலே கச்சிதமா வெட்டிடலாம்.)

வெட்டினது பாதி வேலைதான். ஒட்டுறது மீதி. அதுல மூணு விஷயம் பார்ப்பேன்.

கேமரா உயரம். பின்புலப் படத்தை எந்த உயரத்துல இருந்து எடுத்தீங்களோ அதே உயரத்துல இருந்து ஆளையும் எடுக்கணும். கோபுரத்தைத் தரையில இருந்து அண்ணாந்து எடுத்துட்டு பாப்பாவை நின்னுக்கிட்டுக் கீழ பார்த்து எடுத்தா, எந்த சாஃப்ட்வேராலயும் அது ரெண்டையும் சேர்த்து வைக்க முடியாது. அப்புறம் வெயில் திசை. கோபுரத்துல வெயில் இடது பக்கம்னா வீட்டுலயும் லைட்டு இடது பக்கம். மூணாவது நிழல். கால் தரையைத் தொடுற இடத்துல கறுப்பா, சின்னதா, அழுத்தமா ஒரு நிழல், அங்க இருந்து தள்ளிப் போகப் போக மங்கலா. இது இல்லாத படத்துல ஆள் தரையில நிக்காது, மிதக்கும். நான் நேரத்துல பாதியை நிழலுக்குத்தான் குடுக்குறேன்.

பின்புலத்தை நெட்ல இருந்து எடுக்காதீங்க. அது வேற ஒருத்தர் உழைப்பு. நம்ம ஊர்லயே எடுக்க எவ்வளவு இருக்கு! குளக்கரை, தேர், கோபுரம், கரும்பு வண்டி வரிசையா நிக்கிற சர்க்கரை ஆலை ரோடு, ரயில்வே ஸ்டேஷன். ஆளை எடுக்குற அதே லென்ஸ்ல எடுத்து வச்சுக்கிட்டா ஒட்டுறப்போ பாதிக் கஷ்டம் குறையும்.

ஒரு விஷயத்துல மட்டும் நான் பிடிவாதமா இருக்கேன். கர்ப்பகிரகத்துக்கு முன்னாடி, மூலவர் முன்னாடி நிக்கிற மாதிரி பண்ணித் தரச் சொல்லிக் கேப்பாங்க. மாட்டேன். கேமரா போகக் கூடாத இடத்துக்கு சாஃப்ட்வேர் வழியாவும் போகக் கூடாதுங்கிறது என் எண்ணம். கோபுரம், குளம், ஆலமரம் வரைக்கும் சந்தோஷமாப் பண்ணித் தருவேன்.

"இப்படி ஒட்டுறது பொய் இல்லையா?"ன்னு டான்ஸ் கிளாஸ்ல ஒரு அக்கா கேட்டாங்க. நல்ல கேள்வி. நம்ம தாத்தா பாட்டி கல்யாணப் படத்தை எடுத்துப் பாருங்க. பின்னாடி தூண், பால்கனி, ஏரி, மாளிகை, எல்லாம் படுதாவுல வரைஞ்சது. அது வரைஞ்ச படுதான்னு எடுக்குறவருக்கும் தெரியும், நிக்கிறவங்களுக்கும் தெரியும், பார்க்குறவங்களுக்கும் தெரியும். யாரும் ஏமாறல. அந்தக் காலத் தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடிப் பிடிச்சு டிஜிட்டலாக்குற வேலையை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தோட உதவியில பண்ணிருக்கு. அந்தப் படுதாக்களோட அழகுக்காகவே அதைப் பார்க்கணும்.

சினிமாவுலயும் நமக்கு இது புதுசில்ல. 1940ல மாடர்ன் தியேட்டர்ஸ் 'உத்தம புத்திரன்'ல பி.யு. சின்னப்பா ரெட்டை வேஷம். அதே 1940ல, மைசூர்ப் பக்கத்துல பொறந்த சாபு நடிச்ச 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்'ல லாரி பட்லர் நீலத்திரை வச்சு பூதத்தைக் காட்டி ஆஸ்கர் வாங்கினாரு. 1957ல 'மாயாபஜார்'. மார்கஸ் பார்ட்லி கேமராவுல கடோத்கஜன் ஒக்காந்து விருந்து சாப்பிடுற காட்சியைப் பார்த்து இன்னிக்கும் குழந்தைங்க வாயைப் பொளக்குது. கம்ப்யூட்டரே கிடையாது. அவங்க எல்லாரும் முதல்ல வெளிச்சத்தைத்தான் சரியா வச்சாங்க.

செய்திக்குப் போற படம், போட்டிக்கு அனுப்புற படம், சாட்சியாக் குடுக்குற படம், இதுல ஒட்டு வேலை கூடவே கூடாது. வீட்டு ஹால்ல மாட்டுற படத்துல தாராளமாப் பண்ணலாம். அந்த அக்காவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். ஒத்துக்கிட்டாங்க, அவங்க பொண்ணு படத்துக்குக் குளக்கரைதான் கேட்டாங்க.

மணவூர்த் தம்பிக்கு இப்போ பதில்.

தம்பி, சாஃப்ட்வேருக்கு இப்போதைக்கு ஒரு ரூபா செலவு பண்ணாதீங்க. அந்தக் காசுல மங்கலான காட்டன்ல கிளிப்பச்சை ஒண்ணு, நீலம் ஒண்ணு, சாம்பல் ஒண்ணு வாங்கித் தைச்சுக்கோங்க. துணிக்குன்னு தனியா ரெண்டு லைட்டு வாங்குங்க. கிம்ப் இறக்கிக்கோங்க. ஒரே படத்தை மாஸ்க் கை பழகுற வரைக்கும் திரும்பத் திரும்ப வெட்டுங்க. ஆல்பம் ஆர்டர் நிக்காம வர ஆரம்பிச்சதும் போட்டோஷாப்புக்கு மாறிக்கலாம். பள்ளிக்கூட ஆர்டர் கிடைச்சா அப்போ மொத்தமா வெட்டுற சாஃப்ட்வேர் ஒண்ணு பார்க்கலாம்.

துணி வாங்கினதும் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை ரயிலேறி மணவூர் வந்து லைட்டு வச்சுக் காட்டுறேன். பச்சைப் பட்டு கட்டின பாப்பா யாராவது இருந்தா வரச் சொல்லி வைங்க.